கருவேலங்காய் குடித்த சுவர்

முதலில் நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றதைப் படித்தால் உங்களுக்கு ருசிக்காது.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, மண்வெட்டியை ஊன்றினால் மண்வெட்டியே காணாமல் போகிற வாழைத்தோட்டத்துச் சேற்றில், கல்யாண மண்டபம் எழுப்பினேன். இது முங்கிப் போகும் என்று சொன்னவர்கள் தங்கள் பேத்தி கல்யாணத்தை அங்கேதான் வைத்தார்கள், பந்தியில் இரண்டு தடவை உட்கார்ந்தார்கள். திசையன்விளைக்குத் தெற்கே, காற்று செம்மணலை வாரி முகத்தில் அடிக்கிற பொட்டலில், மணிக்கூண்டோடு ஒரு சபைக் கோயில் கட்டினேன். பாளையங்கோட்டையில் ஒரு சந்து. உள்ளே போன சைக்கிளைத் திருப்ப வேண்டுமென்றால் தூக்கித்தான் திருப்ப வேண்டும். அதற்குள் மூன்று மாடி வீடு. செங்கல்லெல்லாம் கை மாறிக் கை மாறியே உள்ளே போயிற்று, ஒரு கல் உடையவில்லை. வெள்ளம் அள்ளிக்கொண்டு போன ஒரு படித்துறையை மறுபடி கட்டினேன். அடுத்த வெள்ளம் வந்து அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போனது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு வாத்தியார் முகத்தை நான் முதல்முதலாகப் பார்த்தது அவர் வீட்டுக்கு மாடி எடுக்கப் போனபோதுதான். நல்ல மனுஷன்.

இதெல்லாம் சிமெண்டில் செய்தது. சிமெண்டு இருந்தால் யாரும் செய்வார்கள் என்று நீங்கள் நினைக்கலாம், செய்ய மாட்டார்கள், ஆனாலும் நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு வீடு கட்டினேன், சுவரில் ஒரு கரண்டி சிமெண்டு கூட இல்லாமல். அந்த வீட்டைத்தான் இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து பார்க்கிறார்கள்.

வீடு டீச்சருடையது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடக் குடும்பம் அவர்கள். கல்யாணம் முடிந்த கையோடு டீச்சரும் வீட்டுக்காரரும் ஆப்பிரிக்காவில் கானா தேசத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். அந்தக் காலத்தில் நம்ம பக்கத்திலிருந்து அப்படிப் போனவர்கள் நிறைய. அந்த தேசத்தின் வடக்கே, நம்ம வெயிலுக்கு அண்ணன் மாதிரி வெயில் அடிக்கிற ஊரில், மண்வீட்டில் வருஷக்கணக்கில் குடியிருந்துவிட்டுத் திரும்பினார்கள். வீட்டுக்காரர் தவறிய பிறகு டீச்சருக்கு ஒரே எண்ணம். சாத்தான்குளம் போகிற வழியில், வாழை முடிந்து பனை தொடங்குகிற இடத்தில், அவர்கள் அப்பா விட்ட நிலம் கிடந்தது. அதில் கானாவில் இருந்த மாதிரி ஒரு மண்வீடு வேண்டும்.

மகன் பெங்களூரில் இருக்கிறான், உசரமான ஃபிளாட்டில். அவன் போனில் சொன்னதை டீச்சர் அப்படியே எங்களிடம் சொன்னார்கள்: "கட்டுங்கம்மா. இந்த ஐப்பசி கார்த்திகை மழைக்குச் சுவர் நின்னா நீங்க அங்கேயே இருங்க. கரைஞ்சா மறுபேச்சு இல்லாம எங்கூட வந்திரணும்." டீச்சர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். மிஷன் பள்ளி வாக்கு, மாறாது. ஆக, சுவர் நின்றால் டீச்சர் சொந்த மண்ணில் இருப்பார்கள். கரைந்தால் மிச்ச ஆயுசுக்கு லிஃப்டில் ஏறி இறங்க வேண்டும்.

டீச்சரின் தம்பி மகன் சென்னையில் கட்டட வடிவமைப்புப் படித்தவன். அவனும் டீச்சரும் சுற்றியிருக்கிற காண்டிராக்டர்கள் எல்லாரிடமும் போய்க் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் என்னிடம் வந்தார்கள்.

"அண்ணாச்சி, சிமெண்ட் இல்லாம சுவர் எடுப்பீங்களா?"

"டீச்சர், செவுரு இல்லாமலே வீடு கேட்டாலும் எடுத்துத் தருவேன்."

பக்கத்தில் என் மச்சினன் நின்றான். என் வீட்டுக்காரியின் தம்பி, முப்பது வருஷமாக என்னிடம் கொத்தனார், வாய் மட்டும் மேஸ்திரி. "அத்தான் பேச்சுலயே ரெண்டு மாடி எடுத்துருவாரு டீச்சர்," என்றான். "பொறவு அதுக்கு ஏணி வச்சு இறங்கத்தான் நமக்கு வழி தெரியாது."

நான் ஒத்துக்கொண்டேன். ஊர் சிரித்தது. டீக்கடையில் நான் உட்கார்ந்ததும் ஒருத்தர் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "என்ன வே, சிமெண்டு கம்பெனிக்காரனுக்கும் ஒமக்கும் சண்டையா?" என்று கேட்டார். மேலத்தெருக்காரர் ஒருவர், மழை வந்தால் வீட்டைக் குடத்தில் பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். இந்த மாதிரிச் சிரிப்பு எனக்கு நல்ல சகுனம். மண்டபத்துக்கும் இப்படித்தான் சிரித்தார்கள்.

ஆடி மாசக் காற்றோடு காற்றாகக் கானாவிலிருந்து ஒரு அம்மா வந்து இறங்கினாள். டீச்சரிடம் கானாவில் படித்தவள், இப்போது ஐம்பது வயசு இருக்கும். நல்ல உயரம், மஞ்சளும் நீலமுமாகச் சேலை மாதிரி ஒன்றைச் சுற்றியிருந்தாள், நடந்தால் தேர் அசைகிற மாதிரி இருக்கும். அவர்கள் ஊரில் சுவரை எழுப்புவது ஆண்கள், அந்தச் சுவருக்கு மேல்தோல் பூசித் தேய்த்துக் கோலம் இழைப்பது பெண்கள். அவள் அதில் பெரிய கை. டீச்சர் வீடு கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தானே டிக்கெட் போட்டு வந்துவிட்டாள். வரும்போது ஒரு மூட்டை காய் கொண்டுவந்திருக்கிறாள். அவர்கள் ஊர் மரத்துக் காய். அதைக் கொதிக்க வைத்து அந்தச் சாற்றைச் சுவரில் அடித்தால் மழை ஒன்றும் செய்யாதாம். அந்த மூட்டையை விமானநிலையத்திலேயே பிடுங்கிக்கொண்டார்கள். அவள் வந்ததும் முதலில் சொன்னது அந்தக் கதையைத்தான், கையையும் காலையும் ஆட்டி, அதிகாரி மூட்டைக்குள் மூக்கை நுழைத்துத் தும்மியதையும் நடித்துக் காட்டினாள். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

தம்பி மகன் வேலையை விளக்கினான். கருங்கல் அஸ்திவாரத்துக்கு மேல் பலகை அடைத்து, நடுவில் மண்ணைக் கொட்டி, சாண் உயரம் கொட்டுவதும் இடிப்பதுமாகப் போக வேண்டும். பலகையைக் கழற்றினால் சுவர் நிற்கும். இடிக்கிற கட்டைக்கு நாங்கள் திமிசு என்போம், ரோட்டு வேலையில் பார்த்திருப்பீர்கள். சுவர் அவன் சொல்கிற திமிசு முறை, தோலும் தரையும் அந்தம்மா ஊர் முறை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எந்த மண் என்பதுதான் கேள்வி.

தேரிச் செம்மண், எங்கள் மணல்மேட்டு மண், பார்க்க அழகு, பலகையை எடுத்தால் பொலபொலவென்று காலில் விழும். குளத்துக் களிமண்ணான கரம்பை பிடித்தால் விடாது, காய்ந்தால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். தம்பி மகன் கண்ணாடிப் பாட்டில்களில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி வைத்து, எது அடியில் படிகிறது எது மேலே நிற்கிறது என்று பார்த்தான். நான் மண்ணை உருண்டை பிடித்து நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட்டேன். சப்பென்று ஒட்டினால் கரம்பை கூடுதல், தூளாகப் போனால் மணல் கூடுதல், நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. அவன் பாட்டில் சொன்னதும் என் உருண்டை சொன்னதும் ஒன்றாகவே வந்தது. இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டோம். தேரி மண், கரம்பை, அதோடு சரளை, அடுக்குக்கு அடுக்கு அளவு கொஞ்சம் மாறும். சரளையைச் சேர்க்கச் சொன்னது நான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடிக்க ஆரம்பித்த நாள் திருவிழாதான். திமிசு பிடித்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் போட்டார்கள், பலகை அங்கும் இங்கும் ஆடியது. அந்தம்மா இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு பாட்டு எடுத்தாள். அவள் பாஷையில் ஒரு வரி, ஒரு இடி. ஒரு வரி, ஒரு இடி. எல்லாக் கையும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாகப் போட்டது. முதல் படை, அதாவது முதல் அடுக்கு, முடிந்ததும் அவள் தலையைப் பின்னால் சாய்த்து நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், எங்கள் சித்தாள் பெண்கள் சட்டியைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு அதில் மூத்தவள், "ஏளா, இது நம்ம குலவைல்லா," என்றாள். ஒருத்தி போட, இன்னொருத்தி போட, அம்மன் கொடை மாதிரி மொத்தக் காடும் குலவை. டீச்சர் மட்டும், சபைக் குருவானவர் அந்த வழியாகச் சைக்கிளில் வருகிறாரா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தம்மா தமிழும் படித்தாள். படித்தது என் மச்சினனிடம், அதுதான் கேடு. 'பைய' என்கிற வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. திமிசு வேகம் கூடினால், "பைய, பைய," என்பாள். அதற்கு அடுத்துக் கற்றது 'வே', எங்கள் பக்கத்து ஆம்பளைகள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்வது. ஆண், பெண், பெரியவர், சின்னவர் பார்க்காமல் எல்லாருக்கும் வே தான். டீச்சரையே, "வாரும் வே, காப்பி குடியும் வே," என்று கூப்பிட்டாள். டீச்சர் ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்தியவர்கள், திருத்தவே இல்லை, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதல் சுவர் கிழக்குச் சுவர். பலகையைக் கழற்றினோம். சிவப்பு ஒரு வரி, கறுப்பு ஒரு வரி, சரளை மஞ்சள் ஒரு வரி, கோரைப்பாய் மாதிரி வரிவரியாக நின்றது. தடவினேன். கருங்கல்லைத் தடவுகிற மாதிரி இருந்தது. டீச்சர் கன்னத்தை வைத்துப் பார்த்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் நான் போகும்போது மோட்டார் சத்தம் கேட்டது. கிட்டப் போனால் என் மச்சினன் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு, சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறான். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், ஒரு இடம் விடாமல். சுவர் செவேலென்று பாயசம் மாதிரி வழிகிறது.

"ஏலே, என்ன செய்யுத?"

"என்ன அத்தான் கேக்கீய? செவுரு எழும்புனா மறுநா நனைக்கணும்லா. நீங்கதான சொல்லிக் கொடுத்தீய."

அவனைக் குறை சொல்லிப் பலன் இல்லை. முப்பது வருஷமாக, விடிந்ததும் புதுச்சுவரை நனைத்துவிட்டுத்தான் அவன் பல்லே விளக்குவான். சிமெண்டுச் சுவர் தண்ணீர் குடித்தால் இறுகும். மண்சுவர் தண்ணீர் குடித்தால் ஊருக்குத் திரும்பிப் போகும். அது அவன் மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் யாரும் செய்ய முடியாத தப்பு அது.

அந்தம்மா வந்தாள். பார்த்தாள். இரண்டு கையையும் தலையில் வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்து சிரித்தாள், மச்சினனைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். அவனும் ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தான், தண்ணீர் என் வேட்டியில் அடித்தது. சிரிக்காதது டீச்சர் ஒருத்தர்தான். சுவரைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மழை வாரதுக்கு முன்னாலேயே பெங்களூர் வந்துட்டுதே அண்ணாச்சி," என்றார்கள்.

எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. சுவர்ப் பக்கத்தில் போய்க் கரண்டியால் சுரண்டினேன். வழிந்ததெல்லாம் மேலே ஒரு விரற்கடை. உள்ளே உலர்ந்து, இறுகி, கரண்டி நுனியை மடக்கியது. இன்னும் உற்றுப் பார்த்தேன். கரம்பை கூடின கீழ்ப்படை புண்ணாகக் கிடந்தது. சரளை கூடின மேல்படையில் தண்ணீர் பட்ட அடையாளமே குறைவு. இதை எந்தப் பாட்டிலும் சொல்லாது. ஹோஸ் பைப்பால் முழுச் சுவரையும் சோதித்துப் பார்க்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

"டீச்சர், நல்லதாப் போச்சு," என்றேன்.

"எது நல்லதாப் போச்சு?"

"எல்லா அடுக்குலயும் சரளையக் கூட்டிருவோம். கீழ்ப்படையில கெட்டதச் செதுக்கி எடுத்துட்டு, பலகை அடைச்சுத் திரும்ப இடிப்போம். உள்ள இருக்கது கல்லு. மேல ஒரு நல்ல தோல் மட்டும் போட்டுட்டா ஐப்பசி மழை வந்து தடவிட்டுப் போயிரும்."

தம்பி மகனும் சுரண்டிப் பார்த்தான். "அண்ணாச்சி சொல்றது சரிதான் அத்தை," என்றான். டீச்சர் அப்போதுதான் சிரித்தார்கள்.

ஆவணிக்குள் நாலு சுவரும் நின்றது. அந்தம்மா சொல்படி, பனங்கம்புகளை வரிசையாகச் சுவரில் குத்தி, முழம் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க விட்டோம். அவர்கள் தேசத்திலும் பனை உண்டாம், நம்ம பனைக்குக் கூடப்பிறந்த மாதிரி ஒரு பனை. வருஷா வருஷம் சுவருக்குத் தோல் புதுப்பிக்க ஏறும்போது சாரம் கட்ட வேண்டாம், அந்தக் கம்பிலேயே கால் வைத்து ஏறிக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு முள் முளைத்திருக்கிறது என்றார்கள். கூரைக்குப் பனங்கை போட்டு, ஓடு வேய்ந்து, இறவாரத்தை நன்றாக வெளியே இழுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது தோல். அங்கேதான் அந்தக் காய் வேண்டும், காய் விமானநிலையத்தில் இருக்கிறது.

"அது எப்படி இருக்கும்னு கேளுங்க டீச்சர்," என்றேன்.

டீச்சர் கேட்டுச் சொன்னார்கள்: "கொதிக்க வச்சா கறுப்பு டீ மாதிரி இருக்குமாம். நாக்குல பட்டா நாக்கு சுருங்கிப் போகுமாம்."

"துவர்ப்பு," என்றேன். "துவர்ப்புன்னா நம்ம ஊருல பஞ்சமா?"

என் வீட்டுக்காரியின் சின்னச் சட்டிகள் எல்லாம் வந்து இறங்கின. புளியங்கொட்டைத் தோலைக் கொதிக்க வைத்தேன். கடுக்காயைக் கொதிக்க வைத்தேன். ஆவாரம்பட்டையைக் கொதிக்க வைத்தேன். ஒவ்வொன்றையும் முதலில் நான் ருசி பார்ப்பேன், பிறகு அந்தம்மா பார்ப்பாள், துப்புவாள், தலையை ஆட்டுவாள். "இல்ல வே." மச்சினன், "அக்கா போடுத காப்பியக் குடுத்துப் பாருங்க அத்தான், அதுல எந்த மழையும் நிக்கும்," என்றான். அவன் அக்காவிடம் அதை நான் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் அவன் பாடு.

எனக்கு யோசனை வந்தது இப்படித்தான். திசையன்விளையில் மணிக்கூண்டு வேலை பார்த்தபோது, கடற்கரைக்காரர் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நைலான் வருவதற்கு முன்னால் நூல் வலை உப்புத் தண்ணீரில் இற்றுப் போகாமல் இருக்கக் கருவேலம்பட்டையைக் கொதிக்க வைத்துச் சாயம் ஏற்றுவார்களாம். கடல் தண்ணீரில் கிடக்கிற நூலையே காப்பாற்றுகிற மரம், மழைத் தண்ணீரில் நிற்கிற மண்ணைக் காப்பாற்றாதா? பட்டையை உரித்தால் மரம் போய்விடும். காய் போதும். எங்கள் குளத்துக்குள் நாட்டுக் கருவேலம் காடாக நிற்கிறது, சீமைக்கருவேலம் இல்லை, நாட்டு மரம். ஆட்டுக்காரர்கள் காய்ந்த காயை மூட்டை மூட்டையாக வைத்திருப்பார்கள். ஒரு மூட்டை வாங்கிவந்து இடித்துக் கொதிக்க விட்டேன். கரேலென்று இறங்கியது. நான் ஒரு மடக்குக் குடித்தேன். நாக்கு அப்படியே மரக்கட்டையாகிப் போயிற்று, உதடு உள்ளே போயிற்று.

அந்தம்மா விரலை விட்டு நக்கினாள். கண்ணை மூடினாள். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கி, அந்த மணலில் என்னையும் சுற்றிச் சுற்றி ஆடவைத்தாள். தோல் மண் பூசிக் காயவைத்திருந்த ஓட்டுத்துண்டில் அந்தச் சாற்றை அடித்து உலர்த்தி, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினோம். சேம்பிலையில் ஓடுகிற மாதிரி ஓடிப்போயிற்று. நான் எல்லாரிடமும் ஏதோ சொல்லவேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், நாக்கு புரளவில்லை. மச்சினன் ஆட்களைக் கூப்பிட்டு, "அத்தான் இன்னைக்குப் பூரா பேசமாட்டாரு, எல்லாருக்கும் என் செலவுல டீ," என்றான்.

முழு வீட்டுக்கும் அடிக்க வேண்டுமென்றால் பெரிய பாத்திரம் வேண்டும். சபையில் வருஷா வருஷம் ஊருக்கே சோறு போடுகிற அசனத்துக்கு ஒரு அண்டா இருக்கிறது, ஆள் உள்ளே உட்காரலாம். குருவானவரிடம் கேட்கப் போனோம். நாங்கள் மரியாதையாகக் கேட்பதற்குள் அந்தம்மா முன்னால் போய், "அண்டா தாரும் வே," என்றாள்.

குருவானவர் எங்கள் பக்கம் திரும்பினார். "இந்தம்மாவுக்கு யார் தமிழ் சொல்லிக்கொடுக்கது?" எல்லாரும் என் மச்சினனைப் பார்த்தோம். அவன் கோயில் கூரையைப் பார்த்தான். பிறகு ஐயா, "அடுத்த அசனத்துல சாம்பார் துவர்த்துச்சுன்னா நான் பொறுப்பு இல்ல," என்று சொல்லிவிட்டு அண்டாவைக் கொடுத்தார்.

பூச்சு நாள் வந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரண்டியோடு முதல் ஆளாகச் சுவர்ப் பக்கம் போனேன். அந்தம்மா குறுக்கே நின்று என் கையிலிருந்து கரண்டியை வாங்கி, மண்ணில் வைத்தாள்.

"தோல் பெண்கள் வேலையாம் அண்ணாச்சி," என்றார்கள் டீச்சர். "ஆம்பளை கை சுவர்ல படக்கூடாதாம்."

"நான் எழுப்பின செவுரு டீச்சர்."

"எழுப்பினீங்கள்ல, அதோட சரியாம்."

எங்கள் சித்தாள்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வருஷக்கணக்காகச் சட்டி சுமந்தவர்கள். செம்மண், சாணி, சலித்த மணல் மூன்றையும் புளிக்க வைத்துக் குழைத்துக் கையாலேயே அப்பினார்கள். ஆற்றிலிருந்து கொண்டுவந்த கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு ஏற்றினார்கள். அந்தம்மா வலைக்கண் மாதிரி முக்கோணம் முக்கோணமாக இழைத்தாள், எங்கள் பெண்கள் அதற்குள் பனையும் மீனும் இழைத்தார்கள். மூத்த சித்தாள் ஒரு பனங்கம்பில் ஏறி நின்றுகொண்டு, கீழே பார்த்து, "அண்ணாச்சி, சும்மா நிக்காதீய. சட்டி கொண்டாங்க," என்றாள்.

கொண்டுபோனேன். நானும் மச்சினனும் தலையில் சும்மாடு வைத்துச் சட்டி சுமந்தோம். "பைய வாங்க அண்ணாச்சி, சிந்தாதீய," "கலவை கெட்டியா இருக்கு, திரும்பக் கொண்டு போங்க," என்று நான் அவர்களைச் சொன்னதெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. ஒன்று சொல்லுகிறேன், அன்றைக்கு நான் சுமந்த மாதிரி ஒரு சொட்டுச் சிந்தாமல் எந்தச் சித்தாளும் சுமந்தது கிடையாது. மூத்தவளே ஒத்துக்கொண்டாள். தரையும் அவர்களேதான் போட்டார்கள். வரிசையாகக் குனிந்து மரத்தட்டால் தட்டித் தட்டி, பாட்டும் குலவையுமாக. அண்டாக் கஷாயத்தை வேப்பங்கொத்தால் சுவரெங்கும் அடித்தபோது சுவர் அதைக் குடித்துக் குடித்துக் கருஞ்சிவப்பாயிற்று.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பார்ப்பதற்கென்றே மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஒரு மத்தியானம் வாடைக்காற்றோடு சேர்ந்து, பனை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய, கொட்டித் தீர்த்தது. எல்லாரும் வீட்டுக்குள். மகன் உள்சுவரில் உள்ளங்கையை வைப்பான், எடுத்துப் பார்ப்பான், வேறு இடத்தில் வைப்பான். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. வெளியே போய், வடகிழக்கு மூலையில், மழை நேராக வந்து அறைகிற சுவருக்கு முன்னால் நின்றேன். தண்ணீர் அந்த முக்கோணங்களில் இறங்கி, பனங்கம்பில் பட்டுத் தெறித்து, தூரமாகப் போய் விழுந்தது. கீழே ஓடினது தெளிந்த தண்ணீர். சிவப்பு இல்லை. நான் அதைக் கையில் ஏந்திப் பார்த்தேன்.

மச்சினன் வாசலில் நின்று கத்தினான்: "அத்தான், உள்ள வாங்க. செவுரு நிக்கும், நீங்க கரைஞ்சிராதீய."

மழை விட்டு விட்டு நாள் கணக்காகப் பெய்தது. ஆற்றில் வெள்ளம், குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஓர் இடத்தில், ஓடு நகர்ந்து தண்ணீர் ஒழுகின மூலையில், கையகலத்துக்குத் தோல் உரிந்தது. மகன் அதைக் காட்டினான். அந்தம்மா வெயில் எட்டிப் பார்த்ததும் ஒரு கை மண் குழைத்து அப்பி, கல்லால் தேய்த்துவிட்டு, அவனைப் பார்த்து, "முடிஞ்சுது வே," என்றாள். அவன் கொஞ்ச நேரம் அந்த இடத்தைத் தேடினான், கண்டுபிடிக்க முடியவில்லை.

கார்த்திகை முடிந்தது. சுவர் நின்றது. "சரிம்மா, இங்கேயே இருங்க," என்று அவன் சொன்னபோது டீச்சர் அழவில்லை, கும்பிடவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, கட்டிலக் கிழக்குச் சுவர் ஓரமாப் போடச் சொல்லுங்க," என்றார்கள், அவ்வளவுதான். நானே தூக்கிப் போட்டேன். டீக்கடையில் அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. நான்தான் பேசினேன்.

வீட்டுப் பிரதிஷ்டை முடிந்து அந்தம்மா ஊருக்குப் போனாள். போகும்போது சித்தாள் பெண்கள் எல்லாரும் கார் வரைக்கும் குலவை போட்டார்கள். இப்போது அவர்களுக்குத் தனி மவுசு. இரண்டு வீட்டுக்குத் தோல் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்னைக் கூடக் கேட்காமல் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நல்லா இருக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வருவதால் தம்பி மகன் வாசலில் ஒரு போர்டு வைத்திருக்கிறான். திமிசுச் சுவர், வடிவமைப்பு என்று அவன் பேர். சரி, அவன் படித்த பிள்ளை, பாடுபட்டான். மேல்தோலும் தரையும் கானா தேசத்து முறை என்று அந்தம்மா பேர். அவள் இல்லாமல் வீடே இல்லை. அதற்குக் கீழே, அவள் பிடிவாதம் பிடித்துப் போடவைத்த அத்தனை சித்தாள்களின் பேர், ஒருத்தி விடாமல். அதுவும் நியாயம். கடைசி வரியில், 'உள்ளூர் ஒத்துழைப்புடன்' என்று இருக்கிறது.

உள்ளூர் ஒத்துழைப்பு என்றால் யார்? வருகிற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் பஞ்சாயத்தில் தண்ணீர் லாரி விட்டார்கள் போல என்று நினைத்துப் போகிறார்கள். ஒரு பையன் என்னிடமே, "தாத்தா, நீங்க இங்க வாட்ச்மேனா?" என்று கேட்டான்.

தம்பி மகனிடம் சொன்னேன், அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கும்போது பார்க்கலாம் என்றான். டீச்சரிடம் சொன்னேன், சிரித்தார்கள். எழுதும்போது யார் பேரையும் இழுக்காதீர்கள் என்று டீச்சர் கேட்டுக்கொண்டதால் இதில் யார் பேரும் இல்லை, என் பேரும் இல்லை, அதற்குக் கட்டுப்படுகிறேன். போர்டு வேறு. சரளையைச் சேர்க்கச் சொன்னவன் நான். தண்ணீர் அடித்த சுவரில் உள்ளே கல் இருக்கிறது என்று கண்டவன் நான். விமானநிலையத்தில் போன காய்க்குப் பதிலாக நம்ம குளத்துக் கருவேலங்காயைக் கண்டுபிடித்து, என் நாக்கைக் கொடுத்துச் சோதித்தவன் நான். அந்தக் காய் இல்லையென்றால் டீச்சர் இந்நேரம் லிஃப்டுக்குக் காத்து நிற்பார்கள்.

ஆகவே தம்பி மகன் 'உள்ளூர் ஒத்துழைப்புடன்' என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில், 'மண் கலவையும் கருவேலங்காய்க் கஷாயமும்' என்று எழுதி, பக்கத்தில் என் பேரை, இனிஷியலோடு, மற்றவர்கள் பேர் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் போட வேண்டும். பெயிண்டும் பிரஷும் என் வண்டியிலேயே இருக்கிறது. பொங்கலுக்குள் போடாவிட்டால் நானே ஏறி எழுதுவேன்.